வழுவை வாசித்தலும் வாயிலைத் திறந்துவிடுதலும்

தமிழ் இலக்கண மரபிலே வழு என்பது வெறும் பழிச்சொல் அன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என அதனை ஏழாகப் பகுத்து, ஒரு தொடரிலே நேர்ந்திருப்பது இவற்றுள் எது என்று தெளிந்த பின்னரே அதனைக் களையும் வகையை இலக்கணகாரர் பேசினர். காரணம் காட்டி ஏற்கத்தக்கவற்றை வழுவமைதி என வேறாகப் பிரித்துவைத்தனர். கணினியிலே நிகழும் பிழைக்கும் இன்று வழு என்ற அதே சொல் வழங்குகின்றது. சொல் வந்து சேர்ந்துவிட்டது. சொல்லோடு கூடிய ஒழுக்கம் வந்து சேரவில்லை. எவ்வகை வழு என்று வினவாமலே வழுவை மறையச்செய்யும் வித்தையே கணினி அறிவு என்ற பெயரிலே கைமாறி வருகின்றது. இப்போக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு, யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளிலே தொலைவிலுள்ள நிரலொன்றின் சாளரத்தைத் தன் திரையிலே காணமுயலும்போது தோன்றும் வழு தெளிவான சான்றாகும்.

நிலைமை பலரும் அறிந்ததே. மாணவர் ஒருவர் ஆய்வுகூடத்திலுள்ள லினக்ஸ் கணினியினுள், தமது விடுதி அறையிலிருந்தவாறே, எஸ்.எஸ்.எச் என்னும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் வழியாக நுழைகின்றார். கட்டளைகள் ஒழுங்காக இயங்குகின்றன. பின்னர் வரைபடம் ஒன்றை வரையும் நிரலை இயக்குகின்றார். சாளரம் தோன்றவில்லை. ‘கான்ற் ஓப்பின் டிஸ்பிளே’, அதாவது ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்ற ஒற்றை வரி மாத்திரம் தோன்றி நிரல் முடிவடைகின்றது. அடுத்து நிகழ்வதே கவனிக்கத்தக்கது. அவ்வரியை எவரும் வாசிப்பதில்லை. அருகிலிருப்பவர் ஒரு கட்டளையைச் சொல்கின்றார்; அது பலிக்காவிடில் வேறொருவர் வேறொன்றைச் சொல்கின்றார். ‘எக்ஸ்ஹோஸ்ற் பிளஸ்’ என்று அடித்துப் பார். டிஸ்பிளே மாறியைக் கையாலே மாற்று. மூலப்பயனராக நின்று இயக்கு. எக்ஸ்-அதோரிட்டிக் கோப்பை அழித்துவிடு. ஒன்றும் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீள நிறுவு. நாடி பாராமலே பையிலுள்ள குளிசைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கும் வைத்தியரை எவரும் வைத்தியர் என்று மதிப்பதில்லை. கணினியின் முன்னே மாத்திரம் அத்தகையோர் ‘விடயம் தெரிந்தவர்’ என்று மதிக்கப்படுகின்றனர்.

இம்முறை தவறானது மாத்திரமன்றித் தீங்கானதுமாகும். அதனை உணர்வதற்கு இம்முறைமை எவ்வாறு அமைந்தது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

எக்ஸ் சாளரமுறைமை 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே, றொபேட் ஷைஃப்லர், ஜிம் கெற்றிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே உருவான டபிள்யூ என்னும் முறைமையின் வழிவந்தமையால், ஆங்கில அகரவரிசையில் அதற்கடுத்த எழுத்தே இதற்குப் பெயராயிற்று. அந்நிறுவகத்தில் ‘அதீனா’ என்னும் கல்வித்திட்டம் நடைபெற்ற காலம் அது. வெவ்வேறு உற்பத்தியாளரின் கணினிகள் ஒரே வளாகத்திலே பரந்து கிடந்தன. எக்கணினியில் நிரல் இயங்கினும், அதன் சாளரம் வலையமைப்பினூடாக வேறொரு கணினியின் திரையிலே தோன்றக்கூடிய ஒழுங்கு அங்கே தேவைப்பட்டது. அத்தேவைக்கு விடையாக எழுந்ததே எக்ஸ். 1987 செப்ரெம்பரிலே வெளியான அதன் 11ஆவது வடிவமே அடிப்படை மாறாமல் இன்றுவரை வழங்கிவருகின்றது. தொலைவிலுள்ள நிரலைத் தன் திரையிலே காண்பது பிற்காலத்திலே ஒட்டவைக்கப்பட்ட வசதியன்று. முறைமையின் பிறப்புக்கே காரணமான நோக்கம் அதுவாகும்.

இம்முறைமையில் முதலிலே தெளிய வேண்டியது ஒரு பெயர்மாற்றமாகும். பொதுவழக்கிலே சேவையகம் என்றால் எங்கோ தொலைவிலுள்ள பெரிய கணினியே நினைவுக்கு வரும். எக்ஸ் மொழியிலோ, திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் தன்வசம் வைத்திருக்கும் கணினியிலேயே சேவையகம் இயங்குகின்றது. தொலைவிலுள்ள நிரல்தான் அதனிடம் சேவை நாடி வருவது. எனவே, மாணவரின் மேசையிலுள்ள மடிக்கணினியே வீடு. ஆய்வுகூடத்துக் கணினியில் இயங்கும் நிரலே அவ்வீட்டை நாடிவரும் விருந்தினர். இவ்வுறவைத் தலைகீழாக விளங்கிக்கொள்வோர் தொலைவிலுள்ள கணினியைக் குற்றஞ்சாட்டி, அதிலேயே மாற்றங்களைச் செய்து அலைவர். ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்பது, வீட்டினுள் வரமுடியாத விருந்தினர் வெளியே நின்று சொல்லும் வாக்கியம் என்பதை உணர்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி, அதிகமாக ஓதப்படும் ‘எக்ஸ்ஹோஸ்ற் பிளஸ்’ என்னும் கட்டளையை நோக்கலாம். அது எப்பிழையையும் திருத்துவதன்று. வீட்டு வாயிலிலே வருவோரை விசாரிக்கும் ஏற்பாட்டை முற்றாக நீக்குவதே அதன் வேலை. இதனை அக்கட்டளை மறைப்பதுமில்லை. நுழைவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, எக்கணினியிலிருந்தும் எவரும் இணையலாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகின்றது. அவ்வரியையும் எவரும் வாசிப்பதில்லை.

இதன் விளைவு சிறியதன்று. எக்ஸ் முறைமையில் ஒருமுறை உள்ளே வந்த நிரல்களுக்கிடையே சுவர்கள் இல்லை. ஒரு நிரல் மற்றொன்றின் சாளரத்தைப் படம்பிடிக்கலாம். மற்றொன்றை நோக்கி அழுத்தப்படும் விசைகளைக் கவனிக்கலாம். பயனரே அழுத்தியதுபோல் போலி விசையழுத்தங்களையும் அனுப்பலாம். ஆகவே, விசாரணையின்றி எவரையும் உள்ளே விடுபவர் வரைபடம் ஒன்றைக் காண்பதற்காகத் தமது கடவுச்சொற்களையும் மடல்களையும் முற்றத்திலே பரப்பிவைக்கின்றார். பலர் ஒரே கணினியிலே கணக்கு வைத்திருக்கும் ஆய்வுகூடங்களில் இது வெறுங் கற்பனை அபாயமன்று. அயலிலே அமர்ந்திருப்பவர் தம் கணக்கிலிருந்தே பிறருடைய திரையைப் பார்க்கக்கூடும்.

இவ்வளவு விலை கொடுத்தும் அக்கட்டளை இன்று பெரும்பாலும் பயனளிப்பதில்லை என்பது அதனினும் வியப்பானது. பழைய முறையிலே எக்ஸ் சேவையகம் வலையமைப்பின் 6000ஆம் துறையிலே காத்திருக்கும். தொலைக்கணினியிலே டிஸ்பிளே மாறியிற் சொந்தக் கணினியின் பெயரை எழுதி, எக்ஸ்ஹோஸ்ற் கட்டளையையும் கொடுத்துவிட்டால் சாளரம் நேரே வந்துவிடும். ஆனால் 2015ஆம் ஆண்டிலே வெளியான எக்ஸ்.ஓர்க் சேவையகத்தின் 1.17ஆவது வடிவம் தொட்டு, தனியே வேண்டிக் கேட்டாலன்றி அச்சேவையகம் வலையமைப்பிலே காது கொடுப்பதில்லை. அதாவது, பழைய மந்திரத்தை ஓதுபவர் தெருப்பக்கச் சுவரிலே இல்லாத கதவொன்றைத் திறப்பதற்காக, வீட்டின் உட்கதவுகளை எல்லாம் திறந்துவிடுகின்றார். வலையமைப்பிலிருந்து வரவேண்டிய விருந்தினர் வரவில்லை; ஒரே கணினியைப் பகிரும் ஏனையோருக்கோ வழி திறந்தாயிற்று. காரணம் அறியாது கைமாறும் அறிவு, காரணம் அற்றுப்போன பின்னரும் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் சரியான வழி யாது? வழுச்செய்தியை ஒரு வாக்கியமாக ஏற்று, வரிசையாக நான்கு வினாக்களை எழுப்புவதேயாகும். விருந்தினருக்கு முகவரி தெரியுமா? முகவரிக்குச் செல்ல வழி உண்டா? சென்றடைந்தால் ஏற்பார் உண்டா? ஏற்பவரிடம் காட்ட அனுமதிச்சீட்டு உண்டா? தொலைத்திரை வழுக்களிற் பெரும்பாலானவை இந்நான்கனுள் ஒன்றிலே அடங்கும்; இவற்றுள் எது என்பதை வழுச்செய்தியின் வடிவமே பலவேளைகளிற் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது முகவரி. டிஸ்பிளே என்னும் சூழல் மாறியே அது. கணினியின் பெயர், முக்காற்புள்ளி, திரைத்தொகுதியின் எண், புள்ளி, திரையின் எண் என்பது அதன் அமைப்பு. ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்ற வாக்கியத்தை அடுத்துத் தான் நாடிய முகவரியையும் நிரல் சொல்லும். பலர் கவனியாத பகுதி இதுவே. அவ்விடம் வெறுமையாயிருப்பின், நிரலுக்கு முகவரியே கொடுக்கப்படவில்லை என்பது பொருள். இதற்குப் பெரும்பாலும் இரு காரணங்களுள் ஒன்றே இருக்கும்: இணைப்பை ஏற்படுத்தும்போது சாளரங்களையும் அனுப்புமாறு பயனர் கேட்கவில்லை, அல்லது கேட்டும் மறுபக்கம் மறுத்துவிட்டது. எஸ்.எஸ்.எச் கட்டளையோடு எக்ஸ் என்னும் எழுத்தைப் பெரிய வடிவிலே சேர்த்தால் அவ்வசதி கோரப்படும். சிறிய வடிவிலே சேர்த்தால் அதே வசதி வெளிப்படையாகத் தடுக்கப்படும். ஓரெழுத்தின் வடிவ வேறுபாட்டினால் எதிர்மறைப் பொருள் விளையும் இவ்விடத்திலே, வாசியாது தட்டச்சிடும் பழக்கம் எத்தனை மணித்தியாலங்களை விழுங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முகவரி இருந்தும் அது பழையதாக இருத்தலும் உண்டு. டீமக்ஸ், ஸ்கிரீன் போன்ற நிரல்கள் இணைப்புத் துண்டிக்கப்பட்ட பின்னரும் வேலையைக் காத்துவைப்பன. நேற்றைய இணைப்பிலே தொடங்கிய அமர்வினுள் இன்று மீண்டும் நுழைபவருக்கு, அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைக்களம் நேற்றைய முகவரியையே கொடுக்கும். அது வழுவன்று, பழைய கடித உறையைப் பார்த்துப் புதிய வீட்டைத் தேடும் செயலாகும்.

இரண்டாவது வழி. இங்கேதான் அரைகுறை அறிவு பெருந்தீங்கு செய்கின்றது. 1995ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தத்து யூலேனென் உருவாக்கிய எஸ்.எஸ்.எச், சாளரங்களுக்கும் மறைவான வழியொன்றை அமைத்துக்கொடுத்தது. தொலைக்கணினியிலே இயங்கும் எஸ்.எஸ்.எச் சேவையகம், தானே ஒரு எக்ஸ் சேவையகம்போல் வேடம் பூண்டு, வழக்கமாக 10ஆம் எண்ணிலிருந்து தொடங்கும் ஒரு திரைத்தொகுதி எண்ணை ஏற்று, அதற்குரிய 6010ஆம் துறையிலே காத்திருக்கும். அங்கு வரும் யாவற்றையும் மறைகுறியாக்கி மாணவரின் மடிக்கணினிக்கு அனுப்பும். ஆகையால் அங்குள்ள நிரலுக்குக் கொடுக்கப்படும் முகவரி ‘லோக்கல்ஹோஸ்ற்: 10.0’ என்றே இருக்கும். அது மிகச் சரியான முகவரியாகும். ஆனால், ‘லோக்கல்ஹோஸ்ற் என்றால் இதே கணினியல்லவா? சாளரம் என் கணினிக்கல்லவா வரவேண்டும்?’ என்று எண்ணி, அதனை அழித்துத் தம் மடிக்கணினியின் பெயரை எழுதுவோர் பலர். சிலர் இவ்வறிவுரையைத் தொடக்கக் கோப்பிலே நிரந்தரமாகவும் எழுதிவைப்பர். பின்னர் ஒவ்வொரு முறையும் எஸ்.எஸ்.எச் சரியாக அமைத்துக்கொடுக்கும் முகவரியை அவர்களுடைய கோப்பே அழித்துவிடும். திருத்தம் என்று செய்யப்பட்டதே வழுவுக்குக் காரணமாயமையும் நிலை இதுவாகும்.

மறுபக்கம் மறுத்தலும் இவ்வகையினுள் அடங்கும். ஓப்பன் எஸ்.எஸ்.எச் சேவையகத்திலே சாளரங்களை அனுப்பும் வசதி இயல்பிலே மூடப்பட்டிருக்கும். நிருவாகியோ முறைமையை வெளியிடுவோரோ அதனைத் திறக்க வேண்டும். அனுமதிச்சீட்டை எழுதும் எக்ஸ்-ஆத் என்னும் சிறு நிரல் அங்கே நிறுவப்படாதிருந்தாலும், ஐ.பி. 6ஆம் வடிவ முகவரிகளை நிருவாகி அரைகுறையாக நீக்கியிருந்தாலும் அதே விளைவே உண்டாகும். இந்நிலைகளில், உள்நுழையும் கணத்திலேயே ‘எக்ஸ் 11 அனுப்புதலுக்கான கோரிக்கை நிறைவேறவில்லை’ என்ற வரி தோன்றிவிடும். வரவேற்புச் செய்தியோடு சேர்ந்து அது மேலே ஓடிவிடுகின்றது. பத்து நிமிடங்களின் பின்னர் நிரலை இயக்கிவிட்டுக் காரணம் தெரியவில்லை என்று முறையிடுவோர், காரணம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதை அறியார். உள்நுழையும்போது விரிவாகப் பேசுமாறு எஸ்.எஸ்.எச் கட்டளையிடம் கேட்டால், ஒவ்வொரு படியையும் அது எடுத்துரைக்கும். நேரடி இணைப்புகளிலும் செய்திகள் ஒன்றல்ல. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற விடை உடனே வருமாயின், பெரும்பாலும் அக்கணினி விழித்திருக்கின்றது, அத்துறையிலே கேட்பார் மாத்திரம் இல்லை என்று கொள்ளலாம். நெடுநேரம் மௌனம் நிலவிப் பின்னர் காலம் கடந்துவிட்டதெனச் செய்தி வருமாயின், இடையிலே தீச்சுவர் ஒன்று கேள்வியையே விழுங்கியிருக்கலாம். மறுப்பையும் மௌனத்தையும் ஒன்றாகக் கொள்பவர் எதனையும் கண்டறியமாட்டார்.

மூன்றாவது ஏற்பார். வின்டோஸ் கணினியிலே எஸ்.எஸ்.எச் இருப்பது போதாது. எக்ஸ்மிங், விசிஎக்ஸ்சேர்வ் போன்ற எக்ஸ் சேவையகம் ஒன்று தனியே இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். மக் கணினிக்கு எக்ஸ்குவாட்ஸ் வேண்டும். முகவரியும் வழியும் செவ்வையாக இருந்தும் வீட்டிலே ஆளில்லையேல் விருந்தினர் திரும்பவே நேரும். புட்டி என்னும் நிரல் இதனை வெளிப்படையாகச் சொல்லிவிடும்: அனுப்பப்பட்ட எக்ஸ் சேவையகத்தோடு இணைய முடியவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது என்பது அதன் வாக்கியம். இதனைக் கண்ட பின்னரும் ஆய்வுகூட நிருவாகியிடம் முறையிடுபவர், தம் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதற்கு அயலூர்த் தபாற்காரரைக் கடிந்துகொள்பவராவார்.

நான்காவது அனுமதி. எக்ஸ் முறைமையில் வழக்கமான அனுமதிச்சீட்டு 128 பிற்று நீளமுள்ள எழுந்தமானமான எண்ணாகும். எம்.ஐ.ரி. மாயக் குக்கி என்ற விளையாட்டுப் பெயரால் அது வழங்கும். பயனரின் வீட்டு அடைவிலுள்ள எக்ஸ்-அதோரிட்டிக் கோப்பிலே அது இருக்கும். எஸ்.எஸ்.எச் இங்கே நுட்பமான ஒரு காரியத்தைச் செய்கின்றது. உண்மையான சீட்டைத் தொலைக்கணினிக்குக் கொடாமல் போலிச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, அது திரும்பி வரும்போது சரிபார்த்து, உண்மையான சீட்டை மாற்றிவைத்துச் சேவையகத்திடம் ஒப்படைக்கின்றது. ஆகவே, ‘அங்கீகாரம் தவறானமையால் எக்ஸ் 11 இணைப்பு நிராகரிக்கப்பட்டது’ என்று செய்தி வருமாயின், முகவரியும் வழியும் செவ்வையாயுள்ளன, சீட்டிலேதான் குறை என்பது தெளிவு.

சீட்டு ஏன் தவறாகின்றது? உள்நுழைந்த பின்னர் மூலப்பயனராக மாறுபவருக்கு முகவரி கூடவே செல்லக்கூடும். சீட்டு முன்னைய பயனரின் கோப்பிலேயே தங்கிவிடும். இதற்கு மருந்து அந்த ஒரு சீட்டை எக்ஸ்-ஆத் நிரலினால் எடுத்துக் கொடுப்பதேயன்றி, எல்லோரையும் உள்ளே விடுவதன்று. ஒரே கணினியினுள் நிகழும் பிணக்காயின், எக்ஸ்ஹோஸ்ற் கட்டளையே பெயர் குறித்த ஒரு பயனருக்கு மாத்திரம் அனுமதி கொடுக்கவல்லது. இன்னொரு காரணம், வட்டிலே ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பிவிடுதல். சீட்டை எழுத இடமில்லாதபோது, அதிகாரக் கோப்பைப் பூட்டுவதிலே வழு என்று எக்ஸ்-ஆத் முறையிடும். அவ்வரியை வாசித்தவர் தேவையற்ற கோப்புகளை அகற்றி ஐந்து நிமிடத்திலே வேலையைத் தொடர்வார். வாசியாதவர் முறைமை முழுவதையும் மீள நிறுவுவார்; அல்லது கோப்புகள் அனைத்துக்கும் 777 என்னும் கட்டற்ற உரிமையை வழங்கி, ஒரு குறையைப் பல குறைகளாக்குவார்.

காலை இயங்கியது தேநீருக்குப் பின்னர் இயங்கவில்லை என்னும் விசித்திரமும் இவ்வகையினதே. பெரிய எக்ஸ் எழுத்தாற் கோரப்படும் இணைப்பு, விருந்தினரை முழுதும் நம்பாத இணைப்பாகும். ஓப்பன் எஸ்.எஸ்.எச் இயல்பாக அதற்கு 20 நிமிடமே தவணை கொடுக்கின்றது. அதன் பின்னர் வரும் புதிய சாளரங்கள் நிராகரிக்கப்படும். இதற்கு மாற்றாகப் பெரிய வை எழுத்தைப் பயன்படுத்துமாறு அறிவுரை கூறப்படுகின்றது. அதனாற் சாளரம் தோன்றும் என்பது மெய்யே. ஆனால் அது தொலைக்கணினியை முற்றாக நம்புவதாக அளிக்கும் உறுதிமொழியாகும். அக்கணினியின் மூலப்பயனர் விரும்பினால் அவ்வழியாகவே மடிக்கணினியின் திரையையும் விசைகளையும் அணுகலாம். தமது சொந்தக் கணினிக்கோ நம்பத்தக்க நிருவாகத்துக்கோ அவ்வுறுதியை ஒருவர் கொடுக்கலாம்; அறிந்து கொடுத்தால் அது வழுவமைதி. டெபியனிலும் அதன் வழிவந்தவற்றிலும் இவ்விரண்டெழுத்துகளும் இயல்பிலே ஒரே விளைவையே தருவதால், அங்கே இவ்வினா எழுவதற்கு முன்னரே விடை கொடுக்கப்பட்டுவிடுகின்றது என்பதையும் பயனர் அறிந்திருத்தல் நன்று.

இவ்வாறு வாதிடுமிடத்து மூன்று மறுப்புகள் எழும். ‘வேலை நடந்தாற் போதாதா? காரணம் எதற்கு?’ என்பது முதலாவது. வேலை நடந்தது என்பதற்கும் வழு தீர்ந்தது என்பதற்கும் வேறுபாடுண்டு. ஐந்து கட்டளைகளை அடித்து ஆறாவதிலே சாளரத்தைக் கண்டவர், எது பலித்தது என்பதை அறியார். முன்னைய ஐந்தினால் எவை திறந்து கிடக்கின்றன என்பதையும் அறியார். அடுத்த வாரம் அதே வரி தோன்றும்போது அவர் மீண்டும் அதே பிச்சைக்குப் போகவேண்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ‘வழுச்செய்தி தெளிவாகப் பேசினால் அல்லவோ வாசிக்கலாம்?’ என்பது அது. இதிலே நியாயம் உண்டு. திரையோடு இணைவதற்கு நிரலாளர் பயன்படுத்தும் எக்ஸ் நூலகத்தின் அடிப்படைச் செயற்கூறு, இணைய முடியாவிடின் வெறுமையையே விடையாகக் கொடுக்கின்றது. ஏன் முடியவில்லை என்பதை நிரலிடம் சொல்வதில்லை. இத்தனைக்கும் எக்ஸ் நெறிமுறையிலேயே சேவையகம் நிராகரிக்கும்போது காரணத்தை ஒரு வாக்கியமாக அனுப்புவதற்கு இடம் விடப்பட்டிருக்கின்றது. முகவரி ஒன்றும் அடைய முடியாத வழி ஒன்றும் ஒரே வரிக்குள் அமுக்கப்படுவது ஆக்கியோரின் குறையேயாகும். 1994ஆம் ஆண்டிலே வெளியான ‘யுனிக்ஸ் வெறுப்போர் கைந்நூல்’ எக்ஸ் முறைமையைக் கேலிசெய்வதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. அக்கேலி முழுவதும் அநீதியானது என்று கூறிவிட முடியாது. ஆயினும், சுருக்கமாகச் சொல்லப்பட்டது என்பது வாசியாது விடுவதற்குக் காரணமாகாது. சூத்திரம் சுருக்கமானது என்பதற்காகத் தமிழ் மாணவர் எவரும் அதனைக் கிழித்தெறிவதில்லை, உரையை நாடுகின்றனர். வழுச்செய்திக்கு உரை கூறவேண்டியவர்கள் உரைக்குப் பதிலாக மந்திரத்தைக் கொடுப்பதே இங்குள்ள குற்றச்சாட்டு.

‘எக்ஸ் மறைந்துபோகும் முறைமை, 2008இலே தொடங்கிய வேலண்ட் அதனிடத்தைப் பிடித்துவிட்டது, இனி இதனைக் கற்பதால் யாது பயன்?’ என்பது மூன்றாவது. பெடோரா 2016ஆம் ஆண்டிலேயே வேலண்டை இயல்பான அமர்வாக்கியது என்பதும், ஒரு நிரல் மற்றொன்றின் விசைகளைக் கவனிக்க முடியாத ஒழுங்கு அதிலே உண்டு என்பதும் மெய்யே. ஆனால் எக்ஸ் நிரல்கள் அங்கும் எக்ஸ்வேலண்ட் என்னும் இடைத்தரகரின் வழியாகவே இயங்குகின்றன. முகவரி, வழி, ஏற்பார், அனுமதி என்னும் நான்கு வினாக்களும் அங்கும் எழுகின்றன. எக்ஸ் முற்றாக மறைந்துபோனாலும், தொலைவிலுள்ள ஒன்றை அருகிலே காண முயலும் எந்த முறைமைக்கும் அவை பொருந்தும். கட்டளைகளை மனனஞ்செய்தவரின் அறிவே முறைமையோடு மறையும்.

தமிழ் இலக்கணகாரர் பகுத்த ஏழனுள் விடைவழுவும் ஒன்று: வினாவியது ஒன்றாக, விடை வேறொன்றாக இருத்தல். ‘எனக்கு முகவரி கொடுக்கப்படவில்லை’ என்று நிரல் சொல்கின்றது. ‘கதவுகளைத் திறந்துவிடு’ என்பது அதற்குக் கிடைக்கும் விடை. ‘சீட்டை எழுத வட்டிலே இடமில்லை’ என்று அது சொல்கின்றது. ‘மீள நிறுவு’ என்பது விடை. ஆகவே, தொலைத்திரைத் தொடர்பிலே நிகழும் வழுக்களுள் மிகப் பெரியது கணினியில் நிகழ்வதன்று.

இந்நிலை மாறவேண்டுமாயின் செய்யத்தக்கவை அரியன அல்ல. ஆய்வுகூடங்களிலே மாணவருக்குக் கொடுக்கப்படும் அறிவுறுத்தற்றாள்கள் கட்டளைகளை மாத்திரம் அடுக்காமல், எச்செய்தி தோன்றினால் அது எவ்வினாவுக்குரியது என்பதையும் எழுதுதல் வேண்டும். ஒருவருக்கு ஒரு கட்டளையைச் சொல்லிக்கொடுப்பவர், அது எதனைத் திறக்கின்றது, பின்னர் எவ்வாறு மூடுவது என்பனவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். அவ்விரண்டும் தெரியாதவர் அக்கட்டளையைச் சொல்லாதிருத்தல் நன்று. உதவி நாடுபவரும், ‘சாளரம் வரவில்லை’ என்று முறையிடாமல், தோன்றிய வரியை ஓரெழுத்தும் விடாமல் எடுத்துக்காட்டப் பழகுதல் வேண்டும். நிரலெழுத முன்வரும் மாணவர், காரணத்தை விழுங்கிவிட்டு முடியவில்லை என்று மாத்திரம் சொல்லும் நிரல்களை எழுதாதிருக்க உறுதிகொள்ளல் வேண்டும்.

திரையிலே தோன்றும் அவ்வரி, வாசிப்பவரை நோக்கி எழுதப்பட்ட ஒரு வாக்கியமாகும். அதனை வாசித்து முடிக்கும்வரை எக்கட்டளையையும் அடியாதிருப்பதே திருத்தத்தின் முதற்படி.